தள்ளிய தூரம்

எல் ஆல்ட்டோவில் ஜூலை மாதக் காலை.
வாடகைக் கடைக்காரர் சத்துர்னினோ
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப்
பெடலை ஒரு சுற்று சுற்றிவிட்டார்.
சக்கரம் நிற்பதற்குள்
என் பணத்தை எண்ணி முடித்துவிட்டார்.
பிறகு என் நெஞ்சைச் சுட்டி
இந்த எஞ்சின் எந்த ஊர் என்றார்.
கடலோரம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
இரவெல்லாம் வாசலில் கிடந்து
பாதி உறைந்திருந்த தண்ணீர்ப் புட்டி ஒன்றைக்
காசு கேட்காமல் செருகிவிட்டார்,
ஏற்கெனவே இருந்த புட்டிக்குப் பக்கத்தில்.

கிளம்புகிற இடமே நாலாயிரம் மீட்டர்.
போய்ச்சேர வேண்டிய சக்கல்தாயா
அதற்கும் மேலே ஆயிரத்துச் சொச்சம்.
பனிச்சறுக்குக்குப் பேர்போன மலை,
பனி இருந்த காலத்தில்.

பூசாத செங்கல் வீடுகள் முடியும்வரை
நாய்கள் என்னை ஓட்டின.
அதுவரை வேகம் நன்றாகவே இருந்தது.

பிறகு சரளை.
இருபது மிதி, ஒரு நிறுத்தம் என்று கணக்கு வைத்தேன்.
இருபது பன்னிரண்டானது.
பன்னிரண்டு ஏழு.
மூச்சுவிட நேரமில்லை என்று
ஆபீசில் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறவன் நான்.
இங்கே நேரம் கிடந்தது மலைமலையாய்.

பையில் பிஸ்கட் பொட்டலம்
தலையணைபோல் உப்பியிருந்தது.
பிரித்ததும் அது விட்ட பெருமூச்சு
கீழூரில் அடைத்த காற்று.
முகத்தை அருகில் கொண்டுபோனேன்,
வெட்கமில்லாமல்.

லாமா ஒன்று மென்றபடி பார்த்தது.
வெகு கீழே செம்பு நிறத்தில் ஒரு ஏரி.
அழகு என்று நினைக்கத் தொடங்கினேன்,
அந்தச் சொல்லை முடிக்க முடியவில்லை.

கடைசி ஐந்து கிலோமீட்டர்
நான் ஓட்டவில்லை.
உச்சியில் ஹெல்மெட்டோடு நான் சிரிக்கும் படத்தைப் பார்த்தவர்களுக்கு
இதை இப்போதுதான் சொல்கிறேன்.
இறங்கித் தள்ளினேன்.
சில வளைவுகளில்
தள்ளினேனா, விழாமல் பிடித்துக்கொண்டேனா
என்பது சைக்கிளுக்குத்தான் தெரியும்.

மேலே தகரக் கூரை விடுதி.
சறுக்குபவர்களை இழுத்த இரும்புக் கம்பி
வெறும் கல்லுக்கு மேல் தொங்கியது.
காவலுக்கு இருந்த பாசிலியா லிமாச்சி
உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே
ஓட்டினீர்களா, தள்ளினீர்களா என்றார்.
என் அரைகுறை ஸ்பானிஷில்
இரண்டும் என்றேன்.
இரண்டுக்கும் ஒரே கட்டணம் என்று
நுழைவுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.
சீட்டில் ஒருவன்
முழங்கால் மடக்கிப் பறந்துகொண்டிருந்தான்,
வெள்ளை வெளேரென்ற சரிவில்.
பழைய கட்டு, தீர்ந்தபாடில்லை என்றார்.
கிழங்கில் பாதியை உப்புத் தொட்டு நீட்டினார்.
தின்றேன். அதற்கே மூச்சு வாங்கியது.

இறக்கத்தில் விரல்கள் மரத்து
பிரேக்கை அழுத்துகிறேனா என்று
கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது
புழுதியில் காலையில் நான் எழுதிவிட்டுப் போனது.
ஓட்டிய இடத்தில் சக்கரக் கோடு
இப்படியும் அப்படியும் அலைந்து
குடிகாரன் போட்ட கையெழுத்து மாதிரி.
தள்ளிய இடத்திலோ
பக்கத்திலேயே காலடிகள்,
கோடு நேர்.
ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேர்.

இன்னும் கொஞ்சம் பார்த்திருப்பேன்.
சுற்றுலா வேன் ஒன்று ஹாரன் அடித்துக் கடந்தது.
புழுதி அடங்கியபோது
அதன் டயர்த் தடம் மட்டும் இருந்தது.

சத்துர்னினோ சங்கிலியைப் பார்த்தார்,
டயரை அமுக்கினார்,
போனீர்களா என்று கேட்கவில்லை.
நான் திறக்கவே திறக்காத
அந்த இரண்டாவது புட்டியை உருவி
காதோரம் வைத்துக் குலுக்கினார்.

உள்ளே கோலிக்குண்டளவு கட்டி ஒன்று
கரையாமல் இன்னும் உருண்டது.